காலைல உசிலம்பட்டில இருந்து ஒரு வண்டி விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை மெட்ரோ திட்ட அறிக்கைய 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்புனதுல இருந்து எல்லாரும் அதப்பத்தியே பேசுறாங்க, 2011 கணக்குல ஜனத்தொகை 20 லட்சம் வரலங்கிறது காரணமாம். சரி, அது வர்றப்ப வரட்டும், ஆனா ஏற்கனவே போட்டு வச்சிருக்கிற தண்டவாளத்துல ஆள் இல்லாம கெடக்குற ஸ்டேஷன்களப் பத்தி ஏன் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டேங்கிறாங்க?

வடபழஞ்சி ஸ்டேஷனயே எடுத்துக்குங்க. ஐடி பார்க் இருக்கிற ஊரு, காமராஜர் யுனிவர்சிட்டியும் பக்கம்தான். ஆனா வண்டி வந்து நிக்கிற அந்த ஒரு நிமிசம் போக மத்த நேரமெல்லாம் பிளாட்பாரம் காலியாத்தான் கெடக்கு. போடி பாசஞ்சர் காலைல மதுரையில இருந்து கிளம்பிப் போகுது, சாயங்காலம் போடியில இருந்து திரும்பி வருது, சென்னை போடி எக்ஸ்பிரஸும் அதே மாதிரி காலைல போடிப் பக்கம்தான் போகுது. அப்ப உசிலம்பட்டிக்காரங்க காலைல வேலைக்கு, ஜிஎச்சுக்கு, கோர்ட்டுக்கு மதுரை வரணும்னா எதுல வருவாங்க? பஸ்சுலதான். காலை நேரத்து உசிலம்பட்டி பஸ்ஸப் பாருங்க, செக்கானூரணி வர்றப்பவே படிக்கட்டு நெறஞ்சுரும், பூக்காரம்மா கூடைய ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு ஒத்தக் கையில கம்பியப் புடிச்சு நிக்கும், ஒவ்வொரு பிரேக்குக்கும் கூடையத்தான் பாக்கும் தன்னப் பாக்காது. அவங்களுக்குப் பக்கத்துல தண்டவாளம் சும்மா கெடக்கு.

இந்த மதுரை-போடி லைன் பட்ட பாடு கொஞ்சமில்ல. 1928ல ஏலக்கா, காப்பி ஏத்திட்டு வரப் போட்ட மீட்டர்கேஜ், ரெண்டாம் உலகப்போர் நேரத்துல தண்டவாளத்தையே பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, சுதந்திரத்துக்குப் பெறவுதான் திரும்பப் போட்டது. 2010 கடைசியில அகலப்பாதைக்காக நிறுத்துனாங்க, தேனிக்கு வண்டி வந்தது 2022 மே மாசம், போடிக்கு 2023 ஜூன்ல. இந்தப் பன்னண்டு வருசத்துல ஜனங்க பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பழகிட்டாங்க, இப்ப கூட்டம் இல்லன்னு சொன்னா எப்படி. கடைய சாத்தி வச்சுட்டு யாவாரம் இல்லங்கிற மாதிரில்ல இருக்கு.

டிக்கெட் விலையும் ஒரு காரணம். கொரோனாவுக்குப் பெறவு பாசஞ்சரயெல்லாம் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்னு ஓட்டி, குறைஞ்ச கட்டணம் 10 ரூவாய 30 ஆக்குனாங்க, 2024 பிப்ரவரிலதான் பழையபடி ஆச்சு. கிட்டத்து ஊருக்குப் போறவங்க அப்பவே விட்டுப் போயிட்டாங்க, 10 ரூவா ஆனது நெறயப் பேருக்குத் தெரியவே தெரியாது.

சென்னையிலயும் இதான் நடந்துச்சு. பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007லயே போயிருச்சு, அங்கருந்து பரங்கிமலை அஞ்சே கிலோமீட்டர், அந்த இணைப்பு நிலம் எடுக்குற பிரச்சினைல வருசக்கணக்கா இழுத்துச்சு, அம்மாம்பெரிய ஸ்டேஷனெல்லாம் பாதி காலியா கெடந்துச்சு. ஆள் வராததுக்கு ஜனங்க காரணம் இல்ல, இணைப்பு இல்லாததுதான் காரணம்.

போடி லைனுக்கு கரண்டும் வந்தாச்சு, திருமங்கலம் பக்கம் ரெட்டைப்பாதையும் ஆச்சு. அதனால காலைல உசிலம்பட்டில இருந்து ஒன்பது மணிக்குள்ள மதுரை வர்ற மாதிரி ஒரு மெமு (கரண்டுல ஓடுற பாசஞ்சர் வண்டி) விடுங்க. அதே வண்டிய கூடல்நகர், திருப்பரங்குன்றம், திருமங்கலம்னு ஒரு சுத்து ஓட்டலாம். ஆறு மாசம் ஓட்டிட்டு ஸ்டேஷன் வாரியா எத்தன டிக்கெட் வித்துச்சுன்னு பேப்பர்லயே போடுங்க, அப்ப பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை