அக்காவுக்கு, வெயில் விஷயமாக

அக்கா,

பாப்பாவுக்கு நான் சொன்ன பதிலில் பாதிதான் உன் காதில் விழுந்தது. மீதியைச் சொல்வதற்குள் "உள்ளே வா" என்று கூப்பிட்டுவிட்டாய், அவளும் எழுந்து ஓடிவிட்டாள். மீதியை இங்கே எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிடுவாய். இங்கே எழுதினால் சித்தப்பா வீட்டில் யாராவது படிப்பார்கள், படித்த கையோடு வாட்ஸப் குழுவில் போடுவார்கள், எப்படியும் உனக்கு வந்து சேரும். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சில பேச்சுகளை எழுதாமல் விடுகிறேன். எதை விட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அவள் கேட்டது இதுதான்: "மாமா, ஓட்டுல ஓட்டை கோணல்மாணலா இருக்கு. கீழ விழுற வெளிச்சம் மட்டும் ஏன் ரவுண்டா இருக்கு?"

ஆறு வயசுப் பிள்ளை அக்கா. நானும் நீயும் அம்மா வீட்டு அந்தக் கூடத்தில் எத்தனை மத்தியானம் படுத்துப் புரண்டிருக்கிறோம், நமக்குத் தோன்றவில்லையே. குரங்கு நகர்த்திவிட்டுப் போன நாட்டு ஓட்டு இடுக்கில் ஒன்றுகூட வட்டம் கிடையாது. அப்படியும் தரையில் விழுவதெல்லாம் வட்டம். அவள் கைவிரலை வைத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே ஓட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து பார்த்துவிட்டு அப்புறம்தான் கேட்டாள். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. தானாகப் பார்த்தாள். இதை நீ நம்ப வேண்டும்.

நான் சொன்னது, அது ஓட்டையின் வடிவமே இல்லை, சூரியனுடைய படம் என்று. இடுக்கு சின்னதாக இருந்து, தரை தள்ளி இருந்தால், சூரியனின் மேல் விளிம்பிலிருந்து வருகிற ஒளி கீழேயும் கீழ் விளிம்பிலிருந்து வருகிற ஒளி மேலேயும் போய், சூரியன் தலைகீழாகத் தரையில் வந்து படுத்துக்கொள்ளும். படத்தின் அகலத்துக்கும் கணக்கு உண்டு. ஓட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை ஏறத்தாழ 108-ஆல் வகுத்தால் போதும். பன்னிரண்டு அடி உயரமென்றால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். (108 என்றதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதை நீ பார்க்கவில்லை.) இவ்வளவுதான் சொன்னேன். "அப்ப சூரியன் ரவுண்டா இல்லாம இருந்தா?" என்று அவள் கேட்க வாய் திறக்கும்போதுதான் நீ கூப்பிட்டாய். அந்தக் கேள்வி வந்துவிடும் என்று பயந்துதான் கூப்பிட்டாய் என்று நினைக்கிறேன்.

அவள் பிறந்ததிலிருந்து அவள் முன்னால் எந்த வெளிச்சத்தையும் நான் கைநீட்டிக் காட்டியதில்லை. கவனித்திருக்கிறாயா? பழனியிலிருந்து திரும்பி வந்தோமே, ஒட்டன்சத்திரம் தாண்டியதும் மழை விட்டு, நமக்குப் பின்னால் மேற்கில் மேகத்துக்கு அடியில் சூரியன் இறங்கியது. ரோட்டோரத்துப் புளியமரம் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் மட்டும் பற்றிக்கொண்டது மாதிரி நின்றது. முன்னால் திண்டுக்கல் பக்கம் வானம் கருநீலமாக இருக்க, அதன் மேல் முழு வானவில். பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பாப்பா உன் மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். நீயும் பார்த்தாய். உன் முகம் முழுக்க அந்த மஞ்சள்தான். நீயும் அவளைத் தட்டிக் காட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு உன்மேல் கோபம், அக்கா. என்மேல் உனக்குக் கோபம் என்றால் சரி. பிள்ளைக்கு வானவில்லைக் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். எப்படியும் வர வேண்டியதுதான்.

2019 டிசம்பர் 26, மார்கழி அமாவாசை, வியாழக்கிழமை. சூரிய கிரகணம், பாப்பா உன் வயிற்றில். அம்மா உன்னைச் சுற்றி என்னென்ன கட்டுக்காவல் போட்டாள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் யோசித்ததில்லை. கதவைச் சாத்தி, சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, வாசல் நிலைக்கும் கீழே உள்ள இடுக்குக்கும் பழைய வேட்டியைத் திணித்துக் கூடத்தை இருட்டாக்கினாளே, அதனால்தான் அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. சாதாரண நாளில் சன்னல் வெளிச்சத்தில் பாதிப் பொட்டுகள் மங்கிப்போகும். அன்றைக்குக் கிரகணத்தை வெளியே நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு, வீட்டையே ஒரு கேமராப் பெட்டியாக மாற்றிவிட்டாள் அம்மா. கிரகணம் ஓட்டு வழியாக இறங்கி உள்ளே வந்துவிட்டது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் பிறகு ஓரத்தில் கடிபட்ட மாதிரி ஆரம்பித்தது. ஒன்பது மணிக்குள் தரை முழுக்கப் பிறை. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. ஒன்பதரை வாக்கில் கூடத்துக்குள்ளேயே குளிர்ந்தது. தூசி மிதக்கிற ஒளிக்கற்றை எல்லாம் மெலிந்து சாம்பல் நிறமானது. அந்தி மங்கல் மாதிரி இல்லை அது, அந்தியில் சிவப்பு இருக்கும். இதில் நிறமே இல்லை. சாயப்பட்டறையில் ஷேடு பார்த்துப் பார்த்தே காலம் தள்ளுகிறவன் நான். டியூப் லைட்டில் ஒத்துப்போன இரண்டு துணி வெயிலில் வைத்தால் ஒத்துப்போகாது என்று தினமும் யாரிடமாவது சண்டை போடுகிறவன். அந்த வெளிச்சத்துக்கு எந்த அட்டையிலும் நிறம் கிடையாது.

அப்புறம் பிறைகளின் முனை இரண்டும் சேர்ந்து வளையமாயின. மூன்று நிமிஷம் சொச்சம். மார்கழி வெயில் சாய்வாக வருவதால் தரையில் விழுந்தவை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தன. ஆனால் உன் மடி சாய்ந்திருந்த விதத்தில் அங்கே விழுந்தது அச்சு அசல் வட்டம். வளைகாப்பு வளையலை நீ இன்னும் கழற்றியிருக்கவில்லை. மணிக்கட்டில் கண்ணாடி வளையல், அதற்குப் பக்கத்திலேயே வெளிச்சத்தில் ஒரு வளையல், கிட்டத்தட்ட அதே சுற்றளவு. நான் "கையைத் திருப்பு" என்றேன்.

இதற்கு மேல் எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுதுடா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நீ சிரித்தாய் அக்கா. கையைத் திருப்பினது மட்டுமில்லை, உள்ளங்கையைக் குவித்து, அந்த வளையம் சரியாக நடுவில் வந்து உட்காருகிற மாதிரி நீயாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாய். அப்புறம் அந்தக் கையை அப்படியே வயிற்றுப் பக்கம் கொண்டுபோனாய். நான் சொல்லவில்லை. நான் போனில் படம் எடுத்தேன், அவ்வளவுதான். அம்மா அடுக்களையில் மாவுப் பாத்திரத்தில் தர்ப்பை போட்டாயிற்றா என்று பார்க்கப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை.

படத்தைக் குடும்பக் குழுவில் போட்டது நான். ஊரே கரண்டி ஓட்டையையும் வேப்பிலை நிழலையும் படமெடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நாள் அது. நானும் போட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்கிறேன், இப்போதே கேட்கிறேன். ஆனால் மார்ச்சில் பாப்பா பிறந்து, மேலுதடு பிளந்திருந்ததைப் பார்த்த அன்றைக்கே அந்தப் படத்தைத் தேடி எடுத்து "இதுதான், இதுதான்" என்று சொன்னவர்கள் யார் என்று நான் எழுதப்போவதில்லை. "அவன்தான் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான்" என்று பேச்சு மாறியபோது நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கேட்கப்போவதில்லை. உனக்கு அங்கே இருக்க வேண்டியிருந்தது. பச்சைக் குழந்தை, ஊரடங்கு வேறு. புரிகிறது. புரிவதால் வலிக்காமல் போகுமா?

இதை மட்டும் எல்லாரும் படிக்கட்டும். கருவில் மேலுதடு கூடுவது நாலாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில். அண்ணம் கூடுவது ஒன்பதாவது வாரத்துக்குள். அன்றைக்கு உனக்கு ஏழாம் மாதம். ஐப்பசி பிறப்பதற்கு வெகு முன்னாலேயே முடிந்துபோன காரியம். அது எப்படி ஆனாலும் ஆகியிருக்கும். உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட எழுநூறு பிறப்புக்கு ஒன்று இப்படி. கிரகணமே பார்க்காத வருஷங்களிலும் பிறக்கிறார்கள், கிரகணம் எட்டாத ஊர்களிலும் பிறக்கிறார்கள். தையல் போட்ட டாக்டரும் உன்னிடம் இதைத்தான் சொன்னார் என்று மாமா சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கு நான் வராதது பற்றி. இ-பாஸ் போட்டேன், கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன். திருப்பூரிலிருந்து அப்போது யார் வந்தாலும் தெருவே பயந்தது, உனக்கு ஞாபகமிருக்கும். பைக்கில் கிளம்பியிருக்கலாம், கிளம்பினவர்கள் இருந்தார்கள். செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று நினைத்தேன். வந்து நின்று, அத்தனை பேர் முன்னால் "வெளிச்சம் காட்டினவன் வந்துட்டான்" என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்காதே.

காதுகுத்துக்கு மட்டும் தாய்மாமன் மடி வேண்டியிருந்தது. உட்கார வைத்தாய், தோடு வாங்கிக்கொண்டாய், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் என் சட்டையெல்லாம் எச்சில். அந்தச் சட்டையைத் துவைக்கப் போட எனக்கு மனசு வரவில்லை. இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று தெரியவில்லை.

அவள் உதட்டுக்கு மேலே இருக்கிற தழும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளே எல்லாரிடமும் "எனக்கு இங்க தையல் போட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவதால் எழுதலாம் என்று நினைக்கிறேன். மத்தியான வெயிலில் அது தெரியவே தெரியாது. டியூப் லைட்டிலும் தெரியாது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல், திண்ணையில் அவள் மேற்கே பார்க்காமல் தெற்கே பார்த்து உட்கார்ந்திருக்கும்போது, கன்னத்தை உரசிக்கொண்டு வருகிற வெயிலில் மட்டும், மேலுதட்டுக்கு மேலே ஒரு மெல்லிய நிழல் எழும்பும். முடி அளவுக்கு. அவள் பேசினால் அது அசையும். நான் அவளை அந்த நேரத்தில் திண்ணையில் பார்த்துக்கொண்டே இருப்பது அதனால்தான், நீ நினைக்கிற காரணத்துக்கு இல்லை. அழகாக இருக்கிறது அக்கா. நீ அந்த நேரத்தில் அவளை முகம் கழுவக் கூட்டிப் போய்விடுகிறாய்.

நம் மாவட்டத்திலேயே, கொடைக்கானலில், 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நாம் போன இரண்டு தடவையும் ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அடுத்த தடவை அவளை அங்கே அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். கேட்காமல் கூட்டிப் போக மாட்டேன், பயப்படாதே.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். 2031 மே 21 புதன்கிழமை மறுபடி வளையக் கிரகணம். மதுரைக்குப் போனால் தெரியும். மதிய நேரம், கோடை, சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும் என்பதால் தரையில் விழுகிற வளையம் அன்றைக்கு நீளாமல் வட்டமாகவே விழும். அவளுக்குப் பதினொரு வயசு. நம் கூடத்தில் பார்க்க முடியாது, அதற்குள் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டிருப்போம். அதைப் பற்றி அம்மாவிடம் இனி எதுவும் பேச மாட்டேன், மழைக்கு ஒழுகுகிற வீட்டில் இருப்பவள் அவள்தான்.

2031 தூரம். அதற்கு முன்னாலேயே 2027 ஆகஸ்ட் 2 சாயங்காலம் நம் ஊரில் பகுதிக் கிரகணமாவது தலைகாட்டும், வளையம் இல்லை, கடிபட்ட சூரியன் மட்டும். திங்கள்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு அவள் வந்திருப்பாள். அண்ணாந்து பார்க்க விட மாட்டேன். எவ்வளவு மறைந்தாலும் மிச்சமிருக்கிற துளி வெயில் கண்ணைச் சுட்டுவிடும், சுடும்போது வலிக்கவும் செய்யாது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஓட்டை போட்ட அட்டையைத் தோளுக்கு மேலே பிடித்து, எதிர்ச் சுவரில் பார்க்க வைப்பேன். முக்கோணமாக ஒன்று, சதுரமாக ஒன்று, நட்சத்திரமாக ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன். மூன்றிலும் ஒரே சூரியன்தான் விழும். அவள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் போன கேள்விக்கு அதுதான் பதில், நான் வாயால் சொன்னால் நம்ப மாட்டாள்.

உன் வீட்டில் வேண்டாம் என்றால் அம்மா வீட்டு மொட்டை மாடியில் செய்யலாம், அதற்குள் மாடி வந்துவிடும். நீயும் இருக்க வேண்டும், நீ இல்லாமல் செய்ய மாட்டேன். வரலாமா கூடாதா என்று மாமா மூலமாகச் சொல்லி அனுப்பாமல் நீயே சொல். வருஷக் கடைசி ஷிப்மெண்ட்டுக்கான நெருக்கடி இருக்கும், ஆகஸ்டில் லீவு வேண்டுமென்றால் நான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.