சென்னையின் எஃப்சி: ஏழு பேர் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் ஆடும் நம் ஊர் கிளப்பான சென்னையின் எஃப்சி தோற்கும்போதெல்லாம் கேலரியில் முதலில் கிளம்பும் குரல் "கோச்சை மாத்து" என்பதுதான். மாற்றித்தான் பார்த்தாகிவிட்டதே! 2018-இல் கோப்பையை வாங்கித் தந்த ஜான் கிரெகரி 2019 கடைசியில் கிளம்பினார். ஓவன் கோய்ல் வந்து, தடுமாறிக்கொண்டிருந்த அணியை 2020 இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். பிறகு 2020-21-க்கு சாபா லாஸ்லோ, 2021-22-க்கு போசிதார் பந்தோவிச், 2022-23-க்கு தாமஸ் பிரதாரிச். மூன்று சீசன், மூன்று கோச், மூன்று தடவையும் எட்டாவது இடம். 2023-இல் மறுபடியும் கோய்ல். ஆறாவதாக வந்து பிளே-ஆஃபில் கோவாவிடம் 2-1 என்று தோற்றது அணி. அடுத்த சீசன் அதே கோய்ல், 13 அணிகளில் 11-ஆவது இடம். 2025-இல் கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார்.

யார் வந்தாலும் மூன்று வருடம் அதே எட்டில் நின்ற அணிக்குக் குறை கோச்சிடம் மட்டும் இருக்க முடியாது. எங்கள் பார்வையில் அது ஒரு சின்னக் கூட்டல் கழித்தலில் இருக்கிறது.

2015-இல் முதல் கோப்பையை வென்றபோது ஐஎஸ்எல் விதிப்படி ஒரு அணி ஆறு வெளிநாட்டவரைக் களத்தில் இறக்கலாம். இந்தியர் ஐந்து பேர் போதும். 2017-18-இல் அது வெளிநாட்டவர் ஐந்து, இந்தியர் ஆறு என்று ஆனது. 2021-22 முதல் வெளிநாட்டவர் நான்கு பேர்தான், மீதி ஏழு பேர் இந்தியர்கள். 2015-இல் போல 13 கோல் அடிக்கும் ஒரு கொலம்பியா ஸ்ட்ரைக்கர் மென்டோசாவைப் பிடித்துவந்து, பின்னால் நல்ல பிரேசில்காரர்களை நிறுத்திக் கோப்பை தூக்கும் காலம் அந்த விதியோடு போய்விட்டது. இன்று புள்ளிப் பட்டியலில் மேலே யார், கீழே யார் என்பதை அந்த ஏழு பேர்தான் முடிவு செய்கிறார்கள். நம் கிளப்போ இன்னமும் ஜூலை மாதமானால் "எந்த ஃபாரின் ஸ்ட்ரைக்கர் வரப்போகிறார்?" என்றுதான் ரசிகர்களைப் பேச வைக்கிறது. நாங்களும் வெட்கமில்லாமல் பேசுகிறோம்.

2018 இறுதிப்போட்டியைச் சொல்லும்போது எல்லோரும் மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் முட்டிய இரண்டு கோலைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த சீசனில் கோலுக்குக் கரன்ஜித் சிங், இடது பக்கம் ஜெர்ரி லால்ரின்சுவாலா, நடுவில் அனிருத் தாபாவும் வியாசர்பாடி தனபால் கணேஷும், முன்னால் ஜேஜே. அந்தப் பெயர்களுக்கு ஈடாக இன்றைய அணியில் யாரைச் சொல்வீர்கள்? 2016-இல் பையனாக வந்து கேப்டனாக வளர்ந்த தாபா, 2023-இல் மோகன் பகானுக்குப் போனார். அவரைப் போன்ற இந்திய நடுக்கள வீரரைச் சந்தையில் வாங்குவது லேசில்லை. அந்தத் தரத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். எல்லா கிளப்பும் அவர்களையே துரத்தும்.

இதில் கிளப்புகள் வழக்கமாகக் கோட்டை விடும் இடம் ஒப்பந்தத் தேதி. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒரு வீரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போடலாம் என்பது ஃபிஃபா விதி. மே மாதம் முடியும் ஒப்பந்தத்தைப் பிப்ரவரியில் பேச உட்கார்ந்தால் பையன் மனதளவில் ஏற்கெனவே ரயில் ஏறியிருப்பான். முக்கியமான இந்திய வீரர்களுக்கு, முடிய 18 மாதம் இருக்கும்போதே புதுப்பித்தல் பேச வேண்டும். அப்போதுதான் அவர் போனாலும் கிளப்புக்குக் காசு வரும். அந்தக் காசில் இன்னொருவர் வருவார். ஏழு பேரின் ஒப்பந்தமும் ஒரே வருடத்தில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்வது இன்னும் மோசம். இரண்டு, மூன்று, இரண்டு என்று மூன்று வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் எந்தக் கோடையிலும் முதுகெலும்பு மொத்தமாக முறியாது.

கோச்சை மாற்றுவதால் ஆகும் நஷ்டத்தைக் களத்திலேயே பார்க்கலாம். ஒரு கோச் வலது பேக்கை மேலே ஏறச் சொல்வார். அவர் ஏறினால் பின்னால் விழும் ஓட்டையை நடுக்கள வீரர் ஒருவர் பக்கவாட்டில் நகர்ந்து அடைக்க வேண்டும். இது வாயால் சொன்னால் வராது. எட்டு வாரம் பயிற்சியில் திரும்பத் திரும்ப ஓடி, காலுக்குப் பழக வேண்டும். அடுத்த கோச் வந்து மூன்று டிஃபெண்டர் முறைக்கு மாற்றினால் அந்த அடைக்கும் வேலை ஸ்டாப்பர் பேக்குடையது, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டருடையது, ஆகிவிடும். இரண்டு பழக்கமும் பாதிப் பாதி ஊறிய அணியில் என்ன நடக்கும்? எதிரணி விங்கர் பந்தோடு கோடு வரை போவார். நம் ஸ்டாப்பர் அவரை நோக்கி ஓடுவார். நடுக்கள வீரரும் அதே ஆளை நோக்கி ஓடுவார். பெனால்டி ஸ்பாட்டில் ஆளே இருக்காது. பந்தைத் தரையோடு பின்னுக்குத் தள்ளினால் போதும், ஓடிவருபவர் தட்டிவிட்டுப் போவார். டிஃபென்ஸில் ஆறு பேர் நின்றும் கோல் விழுகிறதே என்று கேலரி கத்தும். ஆறு பேரும் சொந்த கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தால் அறுபது பேர் நின்றாலும் விழத்தான் செய்யும்.

அதனால் கோச்சை எடுப்பதற்கு முன்னால் அணி எப்படி ஆடப்போகிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்: நாலு டிஃபெண்டரா மூன்றா, பந்து போனால் அங்கேயே பிடுங்கப் பார்ப்பதா, பின்வாங்குவதா. அதை எழுதும் விளையாட்டு இயக்குநரின் ஒப்பந்தம் கோச்சினுடையதைவிட நீளமாக இருக்க வேண்டும். கோச் போனால் காகிதம் இருக்கும். இப்போது நடப்பதாக வெளியில் தெரிவது, கோச்சோடு காகிதமும் விமானம் ஏறுகிறது.

சரி, ஏழு பேர் எங்கிருந்து வருவார்கள்? நேரு விளையாட்டரங்கில் இருந்து கூப்பிடு தூரத்தில் வியாசர்பாடி இருக்கிறது. முல்லை நகர் மைதானத்தைப் பற்றி இந்த ஊருக்கு நாங்கள் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பிய நந்தகுமார் சேகர், ஒடிசா எஃப்சி சட்டையில் பெயரெடுத்து, 2023 ஆகஸ்டில் டூராண்ட் கோப்பையின் கொல்கத்தா டெர்பியில் (ஒரே ஊர் அணிகளின் மோதல்) ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானை ஒற்றைக் கோலால் சாய்த்தார். கொல்கத்தா அவரைக் கொண்டாடியது. குமரி மாவட்டக் கடலோரத்தின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி என்ற இன்னொரு கிளப்பில் ஆடிவிட்டு 2018-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். அதே சென்னை சிட்டி, கோவையைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு இன்னொரு தேசிய லீக்கான ஐ-லீக்கை 2018-19-இல் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து வென்றது. அந்த சீசன் சென்னையின் எஃப்சி ஐஎஸ்எல்லில் கடைசி இடம்: 18 ஆட்டம், 9 புள்ளி. சென்னை சிட்டியும் 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் இல்லை. ஆக, மாநிலத்துக்கு இருந்த இரண்டு வாசலில் ஒன்று அடைபட்டுவிட்டது. மிச்சம் இருக்கும் வாசலுக்குப் பொறுப்பு கூடுகிறது.

உடனே "ஓப்பன் டிரையல் வைக்கிறோம்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு காலையில் 200 பையன்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு பிப் (அணியைப் பிரித்துக்காட்டச் சட்டைமேல் போடுவது), முன்பின் தெரியாதவர்களோடு 20 நிமிட ஆட்டம். அதில் கண்ணில் படுவது உயரமும் வேகமும் நாலு பேரைத் தட்டிப் போகும் கால்களும்தான். பந்து வருமுன் தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்துவைக்கும் பையன், ஒரே தொடுதலில் பாஸ் கொடுத்துவிட்டு இடம் மாறும் பையன், அந்தக் கூட்டத்தில் காணாமல் போவான். நமக்குத் தேவையே அவன்தான். ஒருவனை அவனுடைய சொந்த அணியில், குறைந்தது மூன்று தடவை பார்க்க வேண்டும்: அணி ஜெயிக்கும்போது ஒன்று, தோற்கும்போது ஒன்று, வெளி மைதானத்தில் ஒன்று. தோற்கும்போது கையை விரித்துக்கொண்டு நடப்பவனும், திரும்ப ஓடி வருபவனும் அன்றைக்குத்தான் பிரிந்து தெரிவார்கள். இதற்குச் சம்பளத்துக்கு இரண்டு ஆள், இரண்டு பைக், ஒரு நோட்டு போதும். சென்னை லீக் ஆட்டங்கள், பள்ளி மண்டலப் போட்டிகள், வியாசர்பாடி, காசிமேடு, பெரம்பூர். மாதம் ஒரு தடவை குமரிக் கடலோரத் தூத்தூர் பக்கம். பொறுக்கியெடுத்த பத்துப் பேரை ஒரு நாளைக்குக் கூப்பிடாமல், இரண்டு வாரம் சாப்பாடு போட்டு அணியோடு பயிற்சியில் வைத்துப் பாருங்கள்.

வந்தவர்களுக்கு ஆட்டம் கிடைக்கிறதா என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2024-25-இல் ஒரு அணிக்கு 24 லீக் ஆட்டம். 90 நிமிடம், 11 பேர் என்றால் மொத்தம் 23,760 நிமிடங்கள். வெளிநாட்டவர் நால்வரும் முழுக்க ஆடினாலும் 8,640 தான் போகும். மீதி 15,120 இந்தியர்களுடையது. அதில் 23 வயதுக்குள் இருக்கும் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு 1,500 நிமிடம் கேட்கிறோம், பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவனைப் பத்து ஆட்டத்தில் முதலிலிருந்தே இறக்கினால் 900. இன்னொருவனுக்கு எல்லா ஆட்டத்திலும் கடைசி 25 நிமிடம் கொடுத்தால் 600. முடிந்தது கணக்கு. இறக்கும் இடம் விங் அல்லது பக்கவாட்டு பேக்காக இருக்கட்டும்; அங்கே ஒரு தவறு உடனே கோலாகாது, ஸ்டாப்பர் இடத்தில் ஆகிவிடும். 3-0 என்று தோற்கும் ஆட்டத்தில் 85-ஆவது நிமிடம் தள்ளிவிடுவதை மட்டும் வாய்ப்பு என்று கணக்கில் சேர்க்கக் கூடாது.

"உள்ளூர்ப் பையன்களை இறக்கினால் தோற்போம்" என்பவர்களுக்கு: 2024 செப்டம்பரில் சொந்த மைதானத்தின் முதல் ஆட்டத்திலேயே, ஐஎஸ்எல்லுக்குப் புதிதாக வந்த மொகமதன் அணியிடம் 0-1 என்று தோற்றோம். அந்த அணி சீசனைக் கடைசி இடத்தில் முடித்தது. 2025 ஜனவரியில் கேரளா வந்து 3-1 என்று அடித்துவிட்டுப் போனது. நம் ஸ்ட்ரைக்கர் இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கி வெளியே. அனுபவம் வாங்கிக்கொடுத்தது இதுதான்.

லீக்கின் நிலைமையே சரியில்லை என்பது உண்மை. 2025 ஜூலையில் அடுத்த சீசனை நிறுத்திவைத்தார்கள். லீக்கை நடத்துவதற்கான 15 வருட உரிம ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிந்தது. 2014-லிருந்து விலகாமல் பணம் போட்டுவரும் உரிமையாளர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் காசு இறுகும்போதுதான் பையன்கள் மலிவு, வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் விலை அதிகம். நெருக்கடியைக் காரணம் காட்டி முதலில் வெட்டப்படுவது இளையோர் அணிகளின் செலவாகத்தான் எங்கும் இருக்கிறது. இங்கே அது நடக்கவில்லை என்று கிளப் சொன்னால் சந்தோஷப்படுவோம்.

(2019-இல் ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பைக்குத் தகுதி பெற்று, நம் "சொந்த மைதான" ஆட்டங்களை அகமதாபாத்தில் ஆடிய கூத்தும் நினைவிருக்கட்டும். ஊரை ஒட்டாத அணிக்கு ஊரில் கூட்டம் சேராது.)

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு மாதமும் கிளப் ஒரு அரைப் பக்கம் வெளியிடட்டும்: எந்த இந்திய வீரரின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை நிமிடம் ஆடினார்கள், அந்த மாதம் எந்தெந்த மைதானத்துக்கு ஆள் அனுப்பினார்கள். முதல் மாதம் மூன்றாவது வரியில் "வியாசர்பாடி" என்று இருந்தால் பி ஸ்டாண்டில் மேளத்தை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர்கள் சிலர்,
பெரம்பூர், சென்னை.