அருமண் போட்டியும் குமரிக் கடற்கரையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவும் சீனாவும் வலுவான காந்தங்கள் செய்ய உதவும் அருமண் (rare earth) தனிமங்களுக்காக மோதிக்கொள்ளும் செய்திகள் நம் நாளிதழ்களில் வணிகப் பக்கத்தில் வருகின்றன. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு அது ஊர்ச் செய்தி.

2025 ஏப்ரலில் டிரம்ப் விதித்த வரிகளுக்குப் பதிலடியாக, டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களையும் அவற்றால் செய்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் ஏற்றுமதி செய்யக்கூடாது என்று சீனா அறிவித்தது. பெரும்பாலான மின்வாகன மோட்டார்களுக்கு அருமண் காந்தம் வேண்டும்; சில மாதங்களிலேயே நம் நாட்டில் மின்ஸ்கூட்டர் உற்பத்தி அடிவாங்கியது. செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமம் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது அது. சொன்ன காரணம், நாட்டின் பாதுகாப்பு.

கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் அருமண் கலந்த தாது மணல் அள்ள ஐ.ஆர்.இ.எல். (இந்தியன் ரேர் எர்த்ஸ்) நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. 2024-இல் இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் கடலோர மக்களின் கடும் எதிர்ப்பால் தள்ளிப்போனது. மக்களுக்கு இருந்த அந்த ஒரே மேடையையும் குறிப்பாணை எடுத்துவிட்டது. அதைத் திரும்பப் பெறும்படி தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதியது சரியான செயல்.

சீனாவை நம்பியிருக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நம்மிடம் இல்லாதது மணல் அல்ல. ஐ.ஆர்.இ.எல். 1950-இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம். மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாக மணல் பிரிக்கிறது. அந்த மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் இருப்பவை பெரும்பாலும் நியோடைமியம் போன்ற இலகு வகை அருமண்கள். சீனா ஏப்ரலில் கட்டுப்படுத்திய டிஸ்புரோசியமும் டெர்பியமும் அதில் மிகச் சொற்பம். அப்படியிருக்க, கிள்ளியூர்க் கடற்கரையை எவ்வளவு தோண்டினாலும் அந்தக் குறை தீராது. உலக அருமண் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவின் கையில் இருக்கிறது. பீஜிங்கின் பிடி இருக்கும் இடம் அதுதான். தனிமங்களைப் பிரிப்பதும், உலோகமாக்குவதும், காந்தமாக்குவதும்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. 2025 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததை மனமார வரவேற்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய திட்டம் அது.

2010-இல் சீனாவுடன் செங்காகு தீவுத் தகராறு வந்தபோது ஜப்பானுக்கு அங்கிருந்து அருமண் வராமல் நின்றது. ஜப்பான் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்தில் முதலீடு செய்து மாற்றுவழி தேடிக்கொண்டது. லைனாஸின் சுத்திகரிப்பு ஆலை அமைந்ததோ மலேசியாவின் கெபெங்கில். கதிரியக்கத் தனிமமான தோரியம் கலந்த கழிவு அங்கேதான் தங்கியது. பக்கத்து நகரமான குவாந்தானின் மக்கள் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நம் மோனசைட்டிலும் தோரியம் உண்டு. அதைப் பிரித்தபின் எங்கே, எப்படி, எத்தனை காலம் வைப்பார்கள் என்று கேட்கும் முதல் உரிமை பக்கத்தில் குடியிருப்பவருக்குத்தானே? மணல்மேட்டை எடுத்தால் கடல் எவ்வளவு உள்ளே வரும் என்பதையும் கரமடி வலை இழுத்த மீனவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

2025 அக்டோபர் 30-இல் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் பூசானில் சந்தித்தார்கள். அந்த மாதம் சீனா அறிவித்திருந்த கூடுதல் கட்டுப்பாடுகள் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டன. வல்லரசுகள் ஒரே சந்திப்பில் முடிவை மாற்றிக்கொள்ளலாம். அள்ளிய மணல்மேடு அப்படித் திரும்பி வராது.

ஒன்றிய அரசு அந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெற வேண்டும். கிள்ளியூர் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையை முழுமையாகத் தமிழில் வெளியிட்டு, அந்தந்த ஊரிலேயே கூட்டம் நடத்த வேண்டும். நம் மாவட்ட மக்களவை உறுப்பினர் இதை அவையில் எழுப்புவார் என்று எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.