கட்டில் காலுக்கு இரண்டு செங்கல்

செம்பூர், மும்பை

அன்புள்ள சரசு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே, வங்கியில் கணக்கு முடிக்கும் மாதம். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதைப் படித்துவிட்டுத் துள்ளினால், அடுத்த பத்தியிலேயே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், ராத்திரி தூக்கமில்லை என்று புலம்பியிருக்கிறாய். புடவைக் கடை அலைச்சல், பத்து மணிச் சாப்பாடு, நாளுக்கு ஆறு காபி. எரியாமல் என்னடி செய்யும்?

‘நீதான் பத்து வருஷமாக இதோடு குடித்தனம் நடத்துகிறாயே, எது நல்ல மருந்து?’ என்று கேட்டிருக்கிறாய். எல்லாவற்றையும் சாப்பிட்டுப் பார்த்தவள் என்ற தகுதி எனக்கு நிச்சயமாக உண்டு.

இந்த ஊரில் வைத்தியம் ரயிலிலேயே கிடைக்கும். ஹார்பர் லைன் பெண்கள் பெட்டியில் ஒருநாள் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றேன். போதும், குர்லா வருவதற்குள் ஐந்து மருந்து சொல்லிவிட்டார்கள். மராட்டிக்காரர்கள் இதைப் பித்தம் என்பார்கள். கோகம் சர்பத் குடி என்றார் ஒருத்தி. குல்கந்து என்றார் குஜராத்தி அம்மாள். இன்னொருத்தி கிராம்பை வாயில் அடக்கச் சொன்னாள், நம்மூர்ப் பெண் சீரகத் தண்ணீர் என்றாள், எல்லாருமாகச் சேர்ந்து சில்லென்று பால். கோகம் எனக்கு ஆகவில்லை, அதுவே ஒரு புளிப்பு. பால் இறங்கும்போது சுகம்தான், ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வட்டியோடு எரியும். பாலைச் செரிக்க வயிறு மறுபடி அமிலம் சுரக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. புதினாவும் வேண்டாம். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வால்வு மாதிரித் தசை இருக்கிறதே, புதினா அதைத் தளர்த்திவிடும். சீரகத் தண்ணீர் குணப்படுத்தியது என்று சொல்ல மாட்டேன், கெடுதலும் செய்யவில்லை.

அப்புறம் தண்ணீரில் போட்டால் பொங்குமே அந்தப் பொடி, அதைத் தினமும் ராத்திரி குடித்தேன். ஒரு பெரிய ஏப்பம் வந்ததும் எல்லாம் சரியான மாதிரி இருக்கும். அதில் சோடியம் இருக்கிறது, எனக்கோ பிபி. டாக்டரிடம் சொன்னபோது, ‘சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அதை டம்ளரில் கலந்து குடிக்கிறீர்களா?’ என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் முக்கியம். ‘பாண்டோபிரசோல் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?’ அமிலத்தைக் குறைக்க நான் போட்டுவந்த மாத்திரை அது. ராத்திரி, எரியும்போது என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அது எரிகிற நெருப்பில் ஊற்றுகிற தண்ணீர் இல்லையாம். இரைப்பையில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் சாப்பாடு இறங்கியதும் முழுமூச்சாக வேலை செய்யும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை அடைக்க முடியும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்து இட்லி. முழுப் பலன் தெரியவே மூன்று நான்கு நாள் ஆகும். ஆறு வருஷம் சரியான மாத்திரையைத் தப்பான நேரத்தில் விழுங்கியிருக்கிறேன், சரசு! அப்போதைக்கு எரிகிறது என்றால் ஜெலுசில், டைஜீன் மாதிரி ஒன்று போதும். சில நிமிஷத்தில் கேட்கும், சீக்கிரமே தேய்ந்தும் போகும்.

எட்டு வாரம் காலையில் போட்டேன். பிறகு நானே திடீரென்று நிறுத்தியதும் எரிச்சல் முன்னைவிட மோசமாக வந்தது. அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாள் ஆட்டம் போடுமாம். திரும்ப ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்தோம். வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், அதற்கும் ரத்தம் சோதித்தார்கள். என் பிபி மாத்திரையையும் மாற்றினார். நான் போட்டுவந்த அம்லோடிபின் சிலருக்கு அந்த வால்வைத் தளர்த்துமாம். உன் மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டு.

பீரோவில் அமிலத்துக்குப் போடும் பழைய ரானிடிடின் மாத்திரை அட்டை இருக்கிறது, போடலாமா என்று கேட்டாய். தூக்கிப் போடு. அதில் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய ஓர் அசுத்தம் சேர்கிறது என்று 2020-இல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னார்கள். நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022-இல் நீக்கிவிட்டார்கள். சூட்டில் வைத்தால் அந்த அசுத்தம் இன்னும் கூடுமாம். உன் திருச்சி வெயிலில் பீரோவுக்குள் எத்தனை கோடை கண்டதோ!

மாத்திரையைவிட எனக்குக் கைகொடுத்தது செங்கல். சிரிக்காதே. தலைமாட்டுப் பக்கக் கட்டில் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து அரையடி உயர்த்தினோம். இரண்டு தலையணை வைத்தால் வயிறுதான் மடங்கும், பிரயோசனமில்லை. முதல் வாரம் இவர் தூக்கத்தில் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போனார், ‘நெஞ்செரிச்சல் உனக்கு, தண்டனை எனக்கா?’ என்று ஒரே புலம்பல். இடது பக்கம் படு. அப்படிப் படுத்தால் இரைப்பை கீழே தொங்கும், அமிலம் மேலே ஏறச் சிரமப்படும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கு மாற்றினேன். அதற்காக ஆபீஸிலிருந்து வந்ததும் சமைப்பதை விட்டுக் காலையிலேயே குழம்பு வைத்துவிடுகிறேன். நாலு கிலோ குறைந்தது உபரி.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் மாடி மாமிக்கு ஒருநாள் நெஞ்சில் எரிச்சல், வேர்வை, தாடை வலி. கேஸ்தான் என்று ராத்திரி முழுக்க ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். காலையில் இசிஜி எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. நடந்தால் எரிச்சல் கூடுகிறது, கை வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் டைஜீனைத் தேடாதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. விழுங்கும்போது அடைத்தாலும், மலம் கறுத்துப் போனாலும், காரணமில்லாமல் இளைத்தாலும் எண்டோஸ்கோப்பி பார்த்துவிடு. நமக்கு வயது ஐம்பத்தொன்பது என்பதை மறக்காதே.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடுகிறேன், லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. புடவை என்ன நிறம் என்று எழுதவே இல்லையே? நான் படுக்கப்போகும் கட்டிலுக்கு, காலுக்கு இரண்டாக நாலு செங்கல் எடுத்து வை. இவருக்குத் தனிக் கட்டில் போட்டுவிடு.

அன்புடன்,
கல்யாணி