தொண்டைப் புற்றுநோய் கிளினிக்கில் தைரொயிட்டையும் பாருங்கள்

சுகாதார அமைச்சுக்கும் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்கும்,

வணக்கம். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை முடித்தவர்கள் கிளினிக்குக்கு வந்தால், கட்டி திரும்பியிருக்கிறதா என்று கவனமாகப் பார்க்கிறார்கள். ஆனால் குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைரொயிட் சுரப்பியும் அந்தக் கதிரை வாங்கிக்கொள்கிறது. அது உடனே நின்றுவிடாது. பெரும்பாலும் முதல் சில வருடங்களில், சிலருக்கு அதற்கு வெகுகாலம் கழித்து, மெல்ல மெல்லச் செயல் குறைகிறது. கழுத்தில் கதிர் பட்டவர்களில் ஏறக்குறைய 20 முதல் 50 சதவீதம் பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் என் அப்பாவுக்கும் இதுதான் நடந்தது. களைப்பு என்றார். இவ்வளவு பெரிய வருத்தம் வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கொழும்பு வெக்கையில் குளிர்கிறது, ஃபேனை நிறுத்து என்றார். வயசாம். பேச்சுக் குறைந்தது மனக்கவலையாம், குரல் கரகரத்தது ரேடியேஷனாம். மலச்சிக்கலுக்குத் தனியாக ஒரு மருந்து. எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்ததால், தைரொயிட் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையை யாரும் எழுதவில்லை. கடைசியில் எங்கள் குடும்ப வைத்தியர்தான் எழுதித் தந்தார். இப்போது காலையில் வெறும் வயிற்றில், குறைந்துபோன தைரொயிட் சுரப்புக்கு ஈடாக ஒரு தைரொக்சின் குளிசை, அவ்வளவுதான். மறுபடி பேப்பர் வாசிக்கிறார், கோயிலுக்கு நடந்தே போகிறார். இத்தனை மலிவான மருந்து இருக்கும்போது ஒரு மனிதர் ஏன் இப்படி வாடிக் கிடக்க வேண்டும்?

ஆகவே கேட்கிறோம். கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்ற எல்லோருக்கும் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை ரி.எஸ்.எச். பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதிவிடுங்கள். ஐந்து வருடத்தோடு நிறுத்திவிடவும் வேண்டாம்.

மூக்குக்குப் பின்னால் உள்ள மேல்தொண்டையில் புற்றுநோய் வந்தவர்களுக்கு இது மட்டும் போதாது. அங்கே கதிர் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் தொடக்கூடும். தைரொயிட்டைத் தூண்டும் ரி.எஸ்.எச். அங்கேதான் சுரக்கிறது; அதனால் அது பழுதானால், தைரொயிட் குறைந்திருந்தாலும் ரி.எஸ்.எச். சரியாக இருப்பதுபோலவே காட்டலாம். ஃப்ரீ ரி4 (இரத்தத்தில் உள்ள தைரொயிட் ஹோர்மோன்), கோர்ட்டிசோல் (உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் ஹோர்மோன்) இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோர்ட்டிசோல் குறைந்தவருக்கு அதைச் சரிசெய்யாமல் தைரொக்சினைத் தொடங்குவது உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஒன்று. கதிர்ச் சிகிச்சையின் கடைசி நாளில், இந்த அறிகுறிகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட ஒரு தாளை நோயாளியின் கையிலும், கூட வரும் மகள் அல்லது மனைவியின் கையிலும் கொடுங்கள். மாற்றத்தை முதலில் கவனிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள், கொழும்பு 13