நாடகம் போட ஸ்டேஷன் கடிதம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய நாடகம் போட இப்போதெல்லாம் ஆளே இல்லை என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். ஆள் இருக்கிறார்கள் ஐயா. அவர்கள் படும் பாட்டைச் சொல்லலாமென்றுதான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு நாடகக் குழு நடத்துகிறோம். நான் நடிப்பதில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் லைட் என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு நாடகம்தான், ஆனால் அது புதிதாக எழுதியதாக இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம். இந்த முறை, மறுநாள் மூடப்போகிற ஒரு லாரி புக்கிங் ஆபீஸின் கடைசி ராத்திரி. எழுதியது செல்போன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி. கடை சாத்திய பிறகு, ஒன்பதரைக்கு மேல் அவர் வீட்டு மொட்டைமாடியில் ஒத்திகை. கீழ்வீட்டுப் பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை என்பதால் சண்டைக் காட்சியைக்கூடக் கிசுகிசுவென்றே பேசிப் பார்த்தோம். மேடையில் முதல்முறை குரலை விட்டபோது நடித்தவர்களே திடுக்கிட்டுப் போனார்கள்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டிய பிறகு மேனேஜர், "கதையை ஸ்டேஷன்ல குடுத்து லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்க, அப்பதான் சாவி" என்றார். அறுபது பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனோம். முதல் பக்கத்தைப் புரட்டிய காவலர், "லாரி மேடைக்கு வருமா? டிராபிக்லயும் சொல்லணுமே" என்றார். மூன்று நாள் அலைந்து, நாடகத்தன்று மத்தியானம்தான் கடிதம் கைக்கு வந்தது. விளக்குகளைத் திருப்பிச் சரிபார்க்க எனக்கு நேரமே இல்லை. இரண்டாம் காட்சி முழுக்கக் குமாஸ்தாவின் முகம் இருட்டில்!

அப்புறம்தான் விசாரித்தேன். நாடகப் பிரதியைப் போலீஸுக்குக் காட்டச் சொன்னது 1954-ஆம் வருஷத்துச் சட்டம். எம்.ஆர். ராதாவை அடக்கத்தான் அதைக் கொண்டுவந்தார்கள் என்பது நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்வது. அதன் முக்கியமான பிரிவுகள் அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று 2013 ஜனவரியிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு ரத்து செய்துவிட்டார். வழக்குப் போட்டவரும் எங்களைப் போல் ஒரு சின்னக் குழுவை நடத்தியவர்தான்: 1978 முதல் 'பரீக்‌ஷா'வை நடத்திவந்த ஞாநி. அவர் மறைந்தே வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் ஊர் மண்டபத்துக்குத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

தெருவில் ஒலிபெருக்கி கட்ட அனுமதி கேட்டால் அது வேறு சங்கதி, அதை நாங்கள் மறுக்கவில்லை. நாலு சுவருக்குள் இருநூறு பேர் பார்க்கும் நாடகத்தின் வசனத்தை ஏன் ஸ்டேஷனில் வாசிக்க வேண்டும்? மேனேஜரையும் குறை சொல்ல மனமில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் கேட்டார், இவரும் கேட்கிறார். தீர்ப்பின் விவரத்தை உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் மற்ற ஊர்க் குழுக்களுக்கும் உதவும்.

அடுத்த நாடகத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இந்த முறை நாடகத்துக்குப் பதிலாகத் தீர்ப்பை ஜெராக்ஸ் எடுத்து மேனேஜரிடம் கொடுப்பதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
லைட்டுக்காரர்,
தஞ்சாவூர் மாவட்டம்