பிமென்தோன் மிளகு இல்லை, கண்ணு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று வீடியோவில் ஸ்பெயினில் நீ வைத்த ரசத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. சளி பிடித்திருக்கிறதே என்று மிளகு ரசம் வைத்தால், அது சிவப்பாக வந்து, காரமே இல்லாமல் விறகுப் புகை வாசனை அடித்தது, அப்படியே கொட்டிவிட்டேன் என்றாயே. 25 வருஷமாக மளிகைக் கடையில் நிற்கிறேன், இதையெல்லாம் உனக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

நீ அனுப்பிய லேபிள் படங்களைக் கடை நோட்டில் எழுதித் தேடிப் பார்த்தேன். நீ வாங்கிய பிமென்தோன் மிளகே இல்லை, கண்ணு. மிளகாய்ப் பழத்தைப் புகையில் உலர்த்தி அரைத்த தூள் அது. டப்பாவில் துல்சே என்று இருந்தால் காரமில்லாதது, பிகாந்தே என்றால் காரம். நம் மிளகுக்கு அங்கே பிமியென்தா என்று பேர், கடைசி எழுத்து மாறிப் பிமியென்தோ ஆனால் குடைமிளகாய். இங்கிலீஷிலும் எல்லாமே பெப்பர்தானே, நீ குழம்பியதில் தப்பே இல்லை. மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் 1492-இல் கரீபியன் தீவுகளில் மிளகாயைப் பார்த்தார், அது காரமாக இருந்ததால் மிளகின் பேரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. நாமும் அதைத்தான் செய்தோம், மிளகு மாதிரி காரமான காய் என்பதால்தானே மிளகாய் என்கிறோம்! இது தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவளுக்கும் ஆச்சரியம்.

அப்புறம் சோம்பு. நம் ஊர்ப் பாக்கெட்டில் பலர் அனிசீட் என்று அச்சடிக்கிறார்கள், அதை நம்பி அங்கே அனீஸ் கேட்டால் வேறு செடியின் விதையைத் தருவார்கள், கொஞ்சம் அதே வாசனைதான் ஆனாலும் குருமாவுக்கு அது சரிவராது. நீ இனோஹோ என்று கேள். சீரகம் கொமினோ, அதில் குழப்பமில்லை.

கொத்தமல்லி என்று நீ வாங்கிய கட்டு பெரெஹில், அதாவது பார்ஸ்லி. இலை ஒரே மாதிரி இருக்கும். கசக்கி மோந்து பார், கொத்தமல்லி தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். அங்கே அதற்கு சிலாந்த்ரோ என்று பேர், அமெரிக்காக்காரர்களும் தழையை அப்படித்தான் சொல்கிறார்கள், தனியாவை மட்டும் கொரியாண்டர் என்பார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு இரண்டுமே கொரியாண்டர். அதனால் யூடியூபில் பார்த்துச் செய்யும்போது தழையா விதையா என்று நிதானித்துக்கொள்.

பிரிஞ்சி இலைக்குப் பதில் லௌரெல் கிடைக்கும், அதுவும் வேறு மரம். நம் இலையில் மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும், அதில் நடுவில் ஒன்றுதான். பிரியாணிக்குப் போடலாம், ஆனால் நம் இலையின் பட்டை வாசனை வராது.

சளிக்குக் கற்பூரவல்லி கிடைத்தால் நல்லது. இங்கிலீஷில் அதற்குக் கியூபன் ஆரிகானோ, ஸ்பானிஷ் தைம் என்றெல்லாம் பேர், ஆனால் அது ஆரிகானோவும் இல்லை, தைமும் இல்லை. நர்சரியில் தடித்த, மொசுமொசு இலையாகப் பார்த்து வாங்கு.

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை செய்யும் எதிர்வீட்டுப் பையன் வியாழக்கிழமை உன் எல்ச்சே ஊருக்குத்தான் வருகிறான். அரைக் கிலோ மிளகும் பிரிஞ்சி இலையும் கொடுத்தனுப்புகிறேன், அதுவரை பிமியென்தா வாங்கி இடித்து ரசம் வை. அதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு தடவை வீடியோவில் காட்டு.

அப்பா